தேரா அனுப்பிய பிள்ளைகள்: ஒரு கிரேக்கத் தீவும் அதன் லிபியக் குடியேற்றமும்

மெழுகால் பாவைகள் செய்தார்கள். ஆண், பெண், சிறுவர், சிறுமியர் என்று ஊரே கூடி நின்று அவற்றைத் தீயிலிட்டது. கொடுத்த வாக்கை மீறுகிறவன் இந்த மெழுகைப் போல் உருகிக் கரையட்டும், அவன் வம்சமும் சொத்தும் அவனோடு அழியட்டும் என்று சாபமிட்டார்கள். வாக்கைக் காப்பவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் நன்மை பெருகட்டும் என்று வாழ்த்தினார்கள்.

ஈஜியன் கடலில் உள்ள தேரா என்ற சிறு தீவிலிருந்து ஒரு கூட்டம் ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பலேறும் முன் நடந்ததாகச் சொல்லப்படும் சடங்கு இது. இதைச் சொல்வது, அந்தக் கூட்டம் லிபியாவில் அமைத்த சிரேனே நகரத்தில் கிடைத்த ஒரு பளிங்குக் கல்வெட்டு. இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோனின் ஊர் என்று தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நெடுநாளாகப் பழகிய பெயர் சிரேனே. பூமியின் சுற்றளவை முதன்முதலில் கணக்கிட்டவர்களில் ஒருவரான எரடோஸ்தனிசும், அலெக்சாந்திரியாவின் பெரும்புலவர் கல்லிமாக்கசும் பிறந்த ஊரும் அதுவே.

பண்டைக் கிரேக்கர்கள் மத்தியதரைக் கடலிலும் கருங்கடலிலும் நூற்றுக்கணக்கான குடியேற்றங்களை அமைத்தார்கள். அவற்றுள் பலவற்றுக்குப் பானை ஓடுகள் மட்டுமே சாட்சி. சிலவற்றுக்குப் புராணம் மட்டுமே மிஞ்சியது. சிரேனேக்கோ வரலாற்றாசிரியரின் எழுத்து, கல்வெட்டு, புராணம், அகழாய்வு ஆகிய நான்கும் வாய்த்திருக்கின்றன. நான்கும் ஒன்றையே சொல்லவில்லை. அவை ஒத்துப்போகும் இடங்களைவிட முரண்படும் இடங்களில்தான் குடியேற்றத்தின் உண்மை முகம் தெரிகிறது என்பது என் கருத்து.

நீரில்லாத தீவு

தேராவை இன்று சாண்டோரினி என்ற பெயரில் உலகம் அறியும். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே வெடித்த எரிமலை தீவின் நடுப்பகுதியைக் கடலுக்குள் தள்ளியது. சாம்பலுக்கு அடியில் புதைந்த வெண்கலக் கால ஊரான அக்ரோத்திரியை 1967 முதல் ஸ்பைரிடான் மரினாட்டோஸ் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார். அந்த ஊரின் மக்கள் வேறு. நம் கதையின் தேரா மக்கள் வேறு. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு டோரியக் கிரேக்கர்கள் இங்கே வந்து, மேசா வூனோ என்ற செங்குத்தான குன்றின் முகட்டில் ஊர் கட்டினார்கள். 1896 முதல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹில்லர் ஃபான் கெர்ட்ரிங்கன் அந்த ஊரை அகழ்ந்தார். பாறைகளில் மிகப் பழைய கிரேக்க எழுத்தில் வெட்டிய பெயர்களும் தெய்வப் பெயர்களும் அங்கே கிடைத்தன.

தீவில் ஆறு கிடையாது. எரிமலைச் சாம்பல் மண் மழைநீரைத் தேக்காது. பாறையைக் குடைந்து தொட்டி கட்டி, மழைக்காலத்தில் நிரப்பி, ஆண்டு முழுதும் அளந்து செலவிட வேண்டும். இரண்டு ஆண்டு மழை பொய்த்தால் ஊர் தாங்காது. இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டு ஹெரோடோட்டஸ் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இரண்டு ஊர், இரண்டு கதை

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹெரோடோட்டஸ் தம் நூலின் நான்காம் பகுதியில் சிரேனேயின் தொடக்கத்தைச் சொல்கிறார். தேரா மக்கள் சொல்வது, சிரேனே மக்கள் சொல்வது என்று இரண்டு கதைகளைப் பிரித்துத் தருகிறார். ஆய்வாளர்களுக்கு அவர் செய்த பேருதவி இது.

தேராவின் கதை இப்படிப் போகிறது. தீவின் அரசன் கிரின்னஸ் டெல்பி கோயிலுக்குப் போய் அப்போலோ தெய்வத்திடம் வேறு காரியங்களுக்காகக் குறி கேட்டான். லிபியாவில் நகரம் அமை என்று அருள்வாக்கு வந்தது. எனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, உடன் வந்த பாட்டஸ் என்ற இளைஞனைக் கைகாட்டினான் அரசன். லிபியா எங்கே இருக்கிறது என்றே ஒருவருக்கும் தெரியாததால் ஊர் திரும்பியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். அதன்பின் ஏழு ஆண்டுகள் மழை இல்லை. தீவில் ஒரே ஒரு மரம் தவிர எல்லாம் பட்டுப்போயின. வழி தெரிந்தவரைத் தேடிக் கிரீட்டுக்கு ஆளனுப்பினார்கள். அங்கே, ஊதாச் சாயம் தரும் சங்குகளை எடுக்கும் கொரோபியஸ் என்ற கடலோடி அகப்பட்டான். முன்பு காற்றில் அடித்துச் செல்லப்பட்டு லிபியக் கரையருகே பிளாட்டியா என்ற தீவில் ஒதுங்கியவன் அவன். கூலி பேசி அவனைக் கூட்டிப்போய் அந்தத் தீவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிறகு தீவின் ஏழு பகுதிகளிலிருந்தும், சகோதரர் இருவரில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து அனுப்பினார்கள். போனவை ஐம்பது துடுப்புகள் கொண்ட இரண்டே கப்பல்கள். இருநூறு பேருக்கு மேல் அவற்றில் ஏறியிருப்பது கடினம்.

சிரேனேயின் கதையில் இந்தப் பஞ்சமும் சீட்டும் பின்னுக்குப் போகின்றன. நடுநாயகமாக நிற்பவன் பாட்டஸ். அவன் தாய் கிரீட்டின் ஓர் அரசனுடைய மகள் ஃப்ரோனிமி. சிற்றன்னையின் சூழ்ச்சியால் தந்தையே அவளைக் கடலில் வீசிவிடும்படி ஒரு தேரா வணிகனிடம் ஒப்படைத்தான். சத்தியம் செய்து கொடுத்துவிட்ட அந்த வணிகன், நடுக்கடலில் அவளைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, உடனே மேலே தூக்கி, தேராவுக்குக் கொண்டு வந்து சேர்த்தான். அங்கே அவளுக்குப் பிறந்த மகன் திக்குவாயன். பேச்சு சரியாக வேண்டும் என்று டெல்பியில் கேட்கப் போனவனுக்கு, லிபியாவுக்குப் போ என்று வாக்கு வந்தது. பாட்டஸ் என்ற சொல் கிரேக்கக் காதுக்குத் திக்குவதை நினைவூட்டுவது. லிபிய மொழியிலோ அதற்கு அரசன் என்று பொருள் என்கிறார் ஹெரோடோட்டஸ்.

தாய்நகரத்தின் நினைவில் இது ஊர் எடுத்த முடிவு. குடியேறிய நகரத்தின் நினைவில் இது ஓர் அரச வம்சத்தின் தொடக்கம். பாட்டஸின் வழிவந்த எட்டு அரசர்கள் கி.மு. 440 அளவு வரை சிரேனேயை ஆண்டார்கள். அந்த வம்சத்துக்குப் பஞ்சத்தில் விரட்டப்பட்ட மூதாதையைவிட, தெய்வம் பெயர் சொல்லி அழைத்த மூதாதையே தேவைப்பட்டான்.

இன்னொரு செய்தியும் சிரேனேயின் கதையில்தான் வருகிறது. போனவர்கள் செய்வதறியாது தேராவுக்கே திரும்பினார்கள். கரையில் நின்ற சொந்த ஊர்க்காரர்கள் அம்பெய்து அவர்களை இறங்கவிடாமல் தடுத்தார்கள்.

கல்லில் பொறித்த ஒப்பந்தம்

தொடக்கத்தில் சொன்ன பளிங்குக் கல், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த இத்தாலிய அகழாய்வுக் காலத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. கல் கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிரேனேயில் வாழும் தேரா மக்களுக்கு முழுக் குடியுரிமை வழங்கும் தீர்மானம் அதில் இருக்கிறது. அதற்கு ஆதாரமாக, நகரம் அமைத்த முன்னோர்கள் எடுத்த உறுதிமொழி என்ற பெயரில் ஒரு பழைய வாசகமும் கீழே பொறிக்கப்பட்டிருக்கிறது.

அதன் விதிகள் உடன்படிக்கைப் பத்திரம் போலத் துல்லியமானவை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மகன் போக வேண்டும். போகிறவர்கள் எல்லாரும் சம உரிமை உடையவர்கள். மற்றவர்களில் விரும்புகிறவர் கூடப் போகலாம். குடியேற்றம் நிலைத்தால், பின்னால் வரும் உறவினருக்கும் குடியுரிமையும் பங்கிடப்படாத நிலத்தில் பங்கும் உண்டு. ஐந்து ஆண்டுகள் துன்பப்பட்டும் நிலைக்க முடியாமல் போனால், அச்சமின்றித் திரும்பி வந்து தங்கள் சொத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஊர் அனுப்பியும் போக மறுக்கிறவனுக்கு மரண தண்டனை. அவன் சொத்து ஊருக்குச் சேரும். அவனை ஒளித்து வைத்தவர் தந்தையாக இருந்தாலும் சகோதரனாக இருந்தாலும் அதே தண்டனைதான்.

இந்த வாசகம் உண்மையிலேயே கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அதன் சொல்லாட்சியில் பிற்காலச் சாயல் உண்டு. மெழுகுப் பாவைச் சடங்கிலும் தண்டனைகளின் கடுமையிலும் பழமையின் தடம் உண்டு. பழைய ஒரு மூலத்தைப் பிற்காலத்தார் தம் தேவைக்கேற்பத் திருத்தி எழுதியிருக்கலாம் என்பது நடுநிலையான முடிவு. அந்தத் தேவை என்ன என்பதைக் கல்லே சொல்கிறது. மூன்று நூற்றாண்டுகள் கழித்து வந்த தேராக்காரர்கள், உங்கள் முன்னோர் எங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று உரிமை கேட்டு நின்றார்கள்.

ஐந்து ஆண்டு விதியையும் அம்பெய்து விரட்டிய கதையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவகாசம் முடியும் முன் திரும்பியவனுக்கு ஊரில் இடமில்லை. வீட்டுக்கு ஒரு வாயைக் குறைத்தால்தான் மற்ற வாய்களுக்குச் சோறு என்ற நிலையில் இருந்த தீவு அது. கிரேக்க மொழியில் குடியேற்றத்துக்கு அப்போய்க்கியா என்று பெயர்; வீட்டை விட்டு விலகியது என்பது அதன் பொருள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் வலி, பேரரசுகளின் காலனி என்ற நம் காலச் சொல்லில் இல்லை.

முன்பே இருந்தவர்கள்

பிளாட்டியா தீவில் இரண்டு ஆண்டுகள் தங்கியும் ஒன்றும் தேறவில்லை. மீண்டும் டெல்பிக்குப் போய் முறையிட்டார்கள். நீங்கள் இன்னும் லிபியாவை மிதிக்கவே இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. எதிர்க்கரையில் அசிரிஸ் என்ற இடத்துக்கு நகர்ந்து ஆறு ஆண்டுகள் இருந்தார்கள். அதன்பின் லிபியர்கள் அவர்களிடம் வந்து, இதைவிட நல்ல இடம் காட்டுகிறோம் என்று மேற்கே அழைத்துச் சென்றார்கள். வழியில் இராசா என்ற மிக வளமான பகுதி வந்தது. கிரேக்கர்கள் அதைக் கண்டுவிடக் கூடாது என்று, பயண நேரத்தைக் கணக்குப் போட்டு, இரவில் அதைக் கடக்க வைத்தார்கள். கடைசியில் ஓர் ஊற்றருகே நிறுத்தி, இங்கேதான் வானத்தில் ஓட்டை இருக்கிறது என்றார்கள். மழைக்குப் பஞ்சமில்லாத இடம் என்பது பொருள்.

குடியேற்றக் கதைகளில் முன்பே இருந்த மக்கள் பெரும்பாலும் முகமின்றிப் போவார்கள். இங்கே அவர்கள் திட்டமிடுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், தங்கள் நல்ல நிலத்தைக் காத்துக்கொள்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், இன்று பச்சை மலை என்று அரபியில் அழைக்கப்படும் பீடபூமியின் விளிம்பில், வற்றாத ஊற்றின் அருகே சிரேனே எழுந்தது அவர்கள் காட்டிய வழியால்தான். மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 631.

இந்த இணக்கம் இரண்டு தலைமுறைகளே நீடித்தது. மூன்றாம் அரசனான இரண்டாம் பாட்டஸ் காலத்தில், நிலம் பங்கிடப்படும் என்ற அருள்வாக்கைக் கேட்டுக் கிரேக்க நாடெங்கும் இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். பறிபோனது லிபியரின் நிலம். அவர்களுடைய அரசன் அடிக்ரான் எகிப்தின் மன்னன் அப்ரீசிடம் அடைக்கலம் கேட்டான். கி.மு. 570 அளவில் நடந்த போரில் எகிப்தியப் படை தோற்றது. அந்தப் போர் நடந்த இடம், அன்று இருளில் மறைத்துக் கடந்த அதே இராசா.

பகையோடு உறவும் வளர்ந்தது. கப்பலில் வந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராகப் பிரிந்து வந்த ஆண்கள். குடும்பங்கள் அந்த மண்ணிலேயே உருவாயின என்று கருதுவதே இயல்பு. சிரேனேயின் பெண்கள் பசு மாமிசம் உண்பதில்லை என்று ஹெரோடோட்டஸ் குறிப்பது லிபிய வழக்கம். சிரேனே அரசன் மூன்றாம் அர்கெசிலாவுசின் மாமனாரும் அண்டை நகரான பார்க்காவின் அரசருமான அலாசிர் கொண்டிருந்த பெயரும் லிபியப் பெயர்தான். நான்கு குதிரை பூட்டிய தேரோட்டத்தைக் கிரேக்கர்கள் லிபியரிடம் கற்றார்கள் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

தெய்வம் கொடுத்த பிடிமண்

கி.மு. 462-இல் நான்காம் அர்கெசிலாவுஸ் டெல்பியின் தேரோட்டத்தில் வென்றான். அந்த வெற்றியைப் பாடிய கவிஞர் பிண்டார், சிரேனேயின் தொடக்கத்தை மேலும் பழமைக்குக் கொண்டுபோனார். தங்க ஆட்டுத்தோலைத் தேடிப் போன ஆர்கோ கப்பலின் வீரன் யூஃபெமஸ், லிபியாவின் ஓர் ஏரிக்கரையில் ஒரு தெய்வத்தைச் சந்திக்கிறான். விருந்தினனுக்கு அன்பளிப்பாகத் தெய்வம் ஒரு பிடி மண்ணை அள்ளித் தருகிறது. அந்த மண்கட்டி கப்பலிலிருந்து தவறிக் கடலில் விழுந்து, தேராவின் கரையில் ஒதுங்குகிறது. யூஃபெமசின் பதினேழாம் தலைமுறை லிபியாவில் நகரம் அமைக்கும் என்று அந்தக் கப்பலில் வந்த மந்திரக்காரி மெடியா முன்னுரைக்கிறாள்.

இந்தப் புராணத்தின் உள்நோக்கு ஆழமானது. கிரேக்கர்கள் லிபியாவுக்குப் போகும் முன்பே லிபிய மண் அவர்களைத் தேடி வந்துவிட்டது என்கிறது அது. வந்தவர்களை உரியவர்களாக்கும் பட்டா அந்த மண்கட்டி. அடிக்ரானின் மக்கள் இழந்த நிலத்துக்கு இப்படி ஒரு பத்திரம் தேவைப்பட்டது. நகரத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு: சிங்கத்தோடு வெறுங்கையால் மல்லுக்கட்டிய சிரேனே என்ற மங்கையைக் கண்டு மயங்கி, அப்போலோ அவளை லிபியாவுக்கு எடுத்துச் சென்று அரசியாக்கினான். தேராவின் பஞ்சத்தைப் பற்றியோ சீட்டைப் பற்றியோ இந்தப் பாடல்களில் பேச்சில்லை. நிகழ்ந்ததைப் புராணத்தில் தேடுவதைவிட, அதைப் பாடக் கேட்டவர்களுக்கு எது தேவைப்பட்டது என்று தேடுவதே பலன் தரும்.

மண்வெட்டி சொன்னது

அகழாய்வு இந்தக் கதைகளில் சிலவற்றை உறுதி செய்தது. 1963 முதல் 1965 வரை, சிரேனேக்கு மேற்கே கடற்கரையில் உள்ள டோக்ராவில் ஜான் போர்டுமனும் ஜான் ஹேஸும் அகழ்ந்தபோது, கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த மட்பாண்டக் குவியல் வெளிப்பட்டது. 1969 முதல் 1981 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, சிரேனேயின் மதிலுக்கு வெளியே இருந்த டெமிட்டர் கோயிலை அகழ்ந்தது. அங்கே கிடைத்த பழைய ஓடுகளும் அதே காலத்தை ஒட்டியவை. மரபு சொன்ன ஆண்டும் ஓடு சொன்ன காலமும் ஏறக்குறையப் பொருந்துகின்றன. பாட்டஸ் சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில் துயில்கிறான் என்று பிண்டார் பாடியிருக்க, சதுக்கத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு மேட்டுக் கல்லறையை இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டெடுத்து, அதை அவனுடையது என்று கொண்டார்கள்.

கதைகள் அழுத்திச் சொல்லாத ஒன்றையும் ஓடுகள் சொல்லின. அந்த மட்பாண்டங்கள் ஒரு தீவிலிருந்து மாத்திரம் வந்தவை என்று சொல்ல முடியாது. கொரிந்து, ரோட்ஸ், லக்கோனியா, கிரீட், ஈஜியன் தீவுகள் எனப் பல ஊர்களின் கைவண்ணம் அவற்றில் கலந்திருக்கிறது. சரக்கு பயணிப்பதால் மட்டும் மக்கள் வந்ததாகிவிடாது என்ற எச்சரிக்கை இங்கே வேண்டும். ஆனால் எழுத்துச் சான்றும் ஒத்துச் சொல்கிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் உள்நாட்டுக் கலகத்தைத் தீர்க்க மண்டினியா என்ற கிரேக்க நகரிலிருந்து வரவழைக்கப்பட்ட டெமோனாக்ஸ், குடிமக்களை மூன்று குலங்களாக வகுத்தார்: தேராவினரும் சுற்றுப்புறத்தாரும் ஒன்று, பெலொப்பொனீசியரும் கிரீட்டாரும் ஒன்று, மற்றத் தீவினர் எல்லாரும் ஒன்று. ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை என்று சொல்லப்பட்ட நகரம், உண்மையில் பல ஊர்ப் பிள்ளைகளின் வீடு.

மண்வெட்டியும் எப்போதும் நடுநிலையோடு பேசியதில்லை. 1911-இல் லிபியாவைப் படையெடுத்துப் பிடித்த இத்தாலி, பண்டை நகரங்களைத் தோண்டி எடுத்து, இந்த மண் பழங்காலத்திலேயே ஐரோப்பியருடையது என்று காட்ட முயன்றது. 1913 இறுதியில் சிரேனேயில் வெளிப்பட்ட வீனஸ் சிலை ரோமுக்குப் போய், 2008-இல்தான் லிபியாவுக்குத் திரும்பியது. பிண்டாரின் மண்கட்டி செய்த வேலையை இங்கே பளிங்குச் சிலை செய்தது. யுனெஸ்கோ சிரேனேயை 1982-இல் உலக மரபிடமாக அறிவித்து, 2016-இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. 2023 செப்டம்பரில் டேனியல் புயலின் வெள்ளம் இடிபாடுகளுக்குள்ளும் பாய்ந்தது.

தானியம் திரும்பிய கதை

சிரேனேயின் செல்வத்துக்குப் பெயர் சில்பியம். நகரத்தின் காசுகளில் தடித்த தண்டோடு நிற்கும் இந்தச் செடியின் பிசின், சமையலுக்கும் மருந்துக்கும் கடல் கடந்து போனது. பயிரிட்டு வளர்க்க முடியாத காட்டுச் செடி அது. பாரிசில் உள்ள ஒரு லக்கோனியக் கிண்ணத்தில், கி.மு. 6-ஆம் நூற்றாண்டு ஓவியன் ஒருவன் அர்கெசிலாவுஸ் அரசனை வரைந்திருக்கிறான். பந்தல் நிழலில் அரசன் அமர்ந்திருக்கிறான். எதிரே பெரிய தராசு தொங்குகிறது. ஆட்கள் சரக்கை நிறுத்துக் கூடையில் கட்டிக் கீழறைக்குச் சுமக்கிறார்கள். மேலே ஒரு குரங்கும் பறவைகளும் இருக்கின்றன. அளக்கப்படுவது சில்பியமா கம்பளியா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். அரசனின் கண் தராசின் மேல் இருக்கிறது என்பதில் விவாதமில்லை. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் ஜூலியஸ் சீசர் ரோமின் கருவூலத்திலிருந்து பொன் வெள்ளியோடு 1,500 ராத்தல் சில்பியப் பிசினையும் எடுத்தார் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. தம் காலத்தில் ஒரே ஒரு தண்டு கிடைத்து, அது நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டதாகவும் அவரே எழுதுகிறார். செடி அற்றுப்போனபின் அதன் இடத்தைப் பாரசீகத்துப் பக்கமிருந்து வந்த, தரம் குறைந்ததாகக் கருதப்பட்ட பிசின் பிடித்தது. அதுதான் நம் சாம்பாரிலும் ரசத்திலும் மணக்கும் பெருங்காயம்.

சில்பியத்தைவிடப் பெரிய செய்தியை இன்னொரு சிரேனேக் கல்வெட்டு வைத்திருக்கிறது. கி.மு. 330-க்கும் 326-க்கும் இடையே கிரேக்க நாட்டைக் கடும் உணவுத் தட்டுப்பாடு தாக்கியபோது, சிரேனே எந்தெந்த நகரத்துக்கு எவ்வளவு தானியம் கொடுத்தது என்ற பட்டியல் அது. மொத்தம் 8,05,000 மெதிம்னோஸ். ஏதென்ஸ் அளவில் ஒரு மெதிம்னோஸ் ஏறத்தாழ 52 லிட்டர். விலைக்கா, சலுகை விலைக்கா, இலவசமாகவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஏதென்சுக்கு 1,00,000, அலெக்சாந்தரின் தாய் ஒலிம்பியாசுக்கு 60,000, கொரிந்துக்கு 50,000 என்று பட்டியல் நீள்கிறது.

மழையின்றி ஒரே ஒரு மரம் மிஞ்சிய தீவு, வீட்டுக்கு ஒரு மகனைச் சீட்டுக் குலுக்கிக் கடலுக்கு அனுப்பிய தீவு, திரும்பி வந்தவர்களைக் கரையேற விடாமல் அம்பெய்த தீவு, அந்தப் பட்டியலில் இருக்கிறது. தேராவுக்குச் சிரேனே கொடுத்தது 15,000 மெதிம்னோஸ்.